வலியற்ற வடக்கு

அருளப்புவின் வலது விலாவில் நோ தொடங்கியபோது, அதை வலி என்று சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. மயிலிட்டிக் கடலில் தொழில் செய்த மனிதர். அவர் அறிந்த தமிழில் உடம்பு நோகும். வலிப்பது என்றால் வள்ளத்தில் இருந்து தண்டு வலிப்பது, துடுப்புப் போடுவது.

ஆகையால், ஆஸ்பத்திரி வாட்டில் நிவேதனா என்ற இளம்பெண் அவருடைய கட்டிலடியில் வந்து நின்று, "ஐயா, இப்ப உங்களுக்கு வலிக்குதோ?" என்று கேட்டபோது அவர் சிரித்தார்.

"இப்ப ஆர் பிள்ளை வலிக்கிறது? எல்லாரும் வள்ளத்துக்கு மெசின் பூட்டியாச்சு."

நிவேதனா ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவள் அல்ல. வாட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் புதிதாகத் திறந்திருந்த வடபுல வலி ஆய்வு நிலையத்தின் உதவியாளர். கேள்வியை ஒரு சொல்லும் மாற்றாமல் கேட்க வேண்டும் என்பது அவளுக்கு இடப்பட்ட கட்டளை. அந்த ஒரு கேள்வியைத் தமிழாக்க ஒரு குழு ஒரு வருடம் கூடியிருந்தது. முதலில் 'நோ' என்றுதான் எழுதினார்களாம். அது பேச்சுவழக்கு என்று ஒருவர் ஆட்சேபித்தார். 'நோ இருக்கோ' என்று கேட்டால் வெளிநாட்டு நிபுணர்கள் அதை ஆங்கிலமென்று நினைத்துக் குழம்பக்கூடும் என்று இன்னொருவர் சுட்டிக்காட்டினார். நோ நீக்கப்பட்டது.

"அவருக்கு விளங்கேல்லை, பிள்ளை," என்றாள் பக்கத்தில் இருந்த செபஸ்தியம்மா, அருளப்புவின் மனைவி. "இஞ்சேருங்கோ, விலா நோகுதோ எண்டு கேக்கிறா."

"ஓ, அதோ," என்றார் அருளப்பு. "அது நோகுதுதான்."

சுவாசப்பையில் பிடித்த புற்றுநோய் விலா எலும்புகளுக்கும் இறங்கியிருந்தது. மூச்சுக்கு மூக்கில் ஒக்சிசன் குழாய் போட்டிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற மெசின் காற்றிலிருந்து ஒக்சிசனைப் பிரித்தெடுத்து இரைந்துகொண்டிருந்தது. நோயை மாற்ற இனி வழியில்லை என்று வாட்டு டொக்டர் தயாளினி செபஸ்தியம்மாவை வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "ஆனால் நோவைக் குறைக்கலாம், அம்மா. அதுக்கு எங்களிட்டை மருந்து இருக்கு." செபஸ்தியம்மா அந்த இரண்டாவது வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் வாட்டுக்குள் திரும்பி வந்தாள்.

அருளப்பு ஆய்வில் சேர்ந்தது அந்த வாரத்தில்தான். நிலையத்தின் பணிப்பாளர் நமசிவாயம் தானே வந்து விளக்கினார்.

"முதுகிலை, எலும்புக்கும் தசைக்கும் இடையிலை ஒரு ஊசி போடுவம். ஒரு பகுதியாருக்குப் புது மருந்து, மற்றப் பகுதியாருக்குப் பழைய மருந்து. ஆருக்கு எது எண்டு உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது."

"பிறகு ஆருக்கையா தெரியும்?"

"கொம்பியூட்டருக்கு."

அருளப்பு தலையாட்டினார். கோயிலில் குருவானவர் சொல்லும்போது ஆட்டுகிற அதே தலையாட்டல்.

"ஊசி போட்டும் வலிச்சால் குடிக்கிற மோர்பின் பாணி இருக்கு. பூச்சியத்திலையிருந்து பத்துக்குள்ளை ஒரு இலக்கம் கேப்பம். நாலோ அதுக்கு மேலையோ சொன்னீங்களெண்டால் பாணி தரப்படும். நாலுக்குக் கீழை தேவையில்லை."

இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்றுதான் செபஸ்தியம்மாவுக்கும் பட்டது.

ஊசி போட்ட மறுநாள் நிலையத்தின் வாசலில், வலியின் அளவைக் காட்டும் முகப் பலகைக்குத் திரைநீக்க விழா. எழும்பி உட்கார முடிந்த நோயாளிகள் எல்லோரையும் சக்கரநாற்காலியில் இருத்தி முன்வரிசைக்குக் கொண்டுபோனார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பட்டுத் துணியை விலக்கியதும் சுவர் நீளத்துக்கு ஒரு பலகை. பூச்சியத்தின் கீழே சிரிக்கிற முகம். இலக்கம் ஏற ஏற முகம் வாடிக்கொண்டு போனது. பத்தாவது முகத்தில் முதலில் கண்ணீர் வரைந்திருந்தார்களாம். நுழைவாயிலிலேயே ஒருவர் அழுதுகொண்டிருந்தால் நிலையத்தின் நற்பெயருக்குப் பாதகம் என்று கண்ணீரை அழித்துவிட்டார்கள். இப்போது அது பஸ்ஸைத் தவறவிட்டவனின் முகம்போல இருந்தது.

"உது ஆற்றை மூஞ்சை?" என்று அருளப்பு மெதுவாகக் கேட்டார்.

"உங்கடைதானாம்," என்றாள் செபஸ்தியம்மா.

நமசிவாயம் பேசினார். "இந்த மண்ணில் வலி எப்போதும் இருந்து வந்திருக்கிறது. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அது அளக்கப்படவில்லை. அளக்கப்படாத வலியால் யாருக்கு என்ன பிரயோசனம்? எத்தனை தலைமுறையின் வலி இப்படி வீணாகிப் போனது! இனிமேல் ஒரு துளியும் வீணாகாது என்று உறுதி கூறுகிறேன்."

கை தட்டினார்கள். அருளப்புவும் தட்டினார். தட்டியபோது விலா இழுத்தது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் சில நாட்கள் அருளப்பு உள்ளதைச் சொன்னார். ஏழு என்றார், எட்டு என்றார். பாணி வந்தது. குடித்ததும் நெற்றிச் சுருக்கம் தளர்ந்து, மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தார். செபஸ்தியம்மா அந்த நேரங்களில் கன்ரீனுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவாள்.

ஒரு நாள் காலை நமசிவாயம் வாட்டு வாசலில் நிவேதனாவை நிறுத்தி வைத்துக் கதைத்தார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அருளப்புவின் கட்டில் வாசலோரம்.

"மற்றாக்களின்ரை கட்டில்களிலை இலக்கம் இறங்கிக்கொண்டு வருது. உம்மடை கட்டில்களிலை மட்டும் ஏன் இறங்குதில்லை?"

"அவை சொல்லுறதைத்தானே சேர் நான் பதியிறன்."

"நீர் கேக்கிற விதத்திலை பிழை இருக்கும். முகத்தை மலர்ச்சியா வைச்சுக்கொண்டு கேளும். மாநாடு வருது. உம்மடை வேலையைப் புதுப்பிக்கிறதைப் பற்றி நான் அதுக்குப் பிறகுதான் யோசிக்கலாம்."

நிவேதனா உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டாள்.

"ஐயா, இப்ப உங்களுக்கு எவ்வளவு வலிக்குது?"

அருளப்பு அவளைப் பார்த்தார்.

"மூண்டு," என்றார்.

அவளுடைய முகம் உண்மையிலேயே மலர்ந்தது. "நல்லம் ஐயா! ஊசி வேலை செய்யுது!"

அன்று பாணி வரவில்லை. மத்தியானம் அவர் துவாயைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்திருந்தது. செபஸ்தியம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது கோபம்தான் வந்தது.

"உங்களுக்கென்ன விசரே? ஏன் மூண்டெண்டு சொன்னனீங்கள்?"

அருளப்பு துவாயை வாயிலிருந்து எடுத்தார். மூச்சு வாங்கி வாங்கிக் கதைத்தார்.

"எடி, முகாமிலை இருக்கேக்கை எத்தினை பேர் வந்து எழுதினவை. மலசலகூடம் காணுமோ, போதுமோ எண்டு கேட்டினம். காணாது எண்டு சொன்ன கொட்டிலுக்குத் திரும்பத் திரும்ப வந்து கேட்டினம். காணும் எண்டு சொன்னவனை விட்டுட்டினம். மலசலகூடம் ஒருதருக்கும் வரேல்லை. எழுத வாறவைக்கு அவை கேக்கிற மறுமொழியைக் குடுத்தால் போவினம். போனால்தானே நாங்கள் எங்கடை பாட்டிலை கிடக்கலாம்."

"இது மலசலகூடமில்லை. உங்கடை விலா."

"அந்தப் பிள்ளைக்கு வேலை போகுமடி."

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரை விட்டு ஓடிய சனம் அவர்கள். பிள்ளைகள் பிறந்து வளர்ந்து கலியாணம் முடித்ததெல்லாம் முகாம் கொட்டிலுக்குள். இராணுவம் மயிலிட்டியைத் திரும்பத் தந்தபோது அருளப்புவின் தலை முழுக்க நரைத்துவிட்டது. அத்தனை வருடத்தில் அவர் படித்து முடித்த பாடம் இது ஒன்றுதான். அதை அவரிடமிருந்து பிடுங்கச் செபஸ்தியம்மாவால் முடியவில்லை.

அவள் பணிப்பாளரிடம் போனாள். அவருடைய அறை குளிராக இருந்தது. சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஐயா, அவர் பொய் சொல்லுறார். அவருக்குச் சரியான நோ."

நமசிவாயம் பொறுமையானவர். நாற்காலியைக் காட்டினார்.

"அம்மா, வலி எண்டது நோயாளி சொல்லுறதுதான். அவர் சொல்லுறதை நாங்கள் நம்பவேணும். உலகம் முழுக்க இப்ப இதுதான் கொள்கை. முந்தி டொக்டர்மார் நோயாளியை நம்பாமல் விட்டவை. எவ்வளவு அநியாயம்! நாங்கள் நம்புறம்."

"அவர் சொல்லாட்டில்?"

"சொல்லாட்டில் அது வலி இல்லை."

"துவாயைக் கடிக்கிறார், ஐயா. நான் கண்ணாலை காணுறன்."

"துவாயைக் கடிக்கிறது நடத்தை. நடத்தையை அளக்கிறதுக்கு வேறை ஆய்வு இருக்கு. அதுக்கு இன்னும் அனுமதி வரேல்லை." அவர் சற்று முன்னால் சாய்ந்தார். "ஆனால் நீங்கள் நல்லாக் களைச்சுப் போனீங்கள் போலை இருக்கு. உங்கடை மனக்கஷ்டத்துக்கு ஒரு இலக்கம் சொல்லச் சொன்னால் என்ன சொல்லுவியள்?"

"பத்து," என்றாள் செபஸ்தியம்மா.

நமசிவாயத்தின் முகம் பிரகாசித்தது. நோயாளியைப் பராமரிப்பவர்களின் மன அழுத்தம் பற்றி நிலையத்தில் ஓர் உப ஆய்வு நடந்தது. கேட்ட எல்லோரும் "பரவாயில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் அது நகராமல் நின்றிருந்தது. பத்து என்று ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

மறுநாளே செபஸ்தியம்மாவுக்கு மூச்சுப் பயிற்சி தொடங்கியது. தன் கணவனின் கட்டிலடியில் நாற்காலி போட்டு, அவள் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒரு பெண் கையைத் தூக்கிக் காட்டுவாள். "மூக்காலை ஆழமா இழுங்கோ, அம்மா. பிடிச்சு வைச்சிருங்கோ. இப்ப வாயாலை மெதுவா விடுங்கோ." செபஸ்தியம்மாவின் நெஞ்சு சுகமாகத்தான் இருந்தது. அவள் இழுத்தாள், விட்டாள். பக்கத்தில் அருளப்பு குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, அரைமூச்சும் கால்மூச்சுமாக அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"உனக்கு நல்லா வருகுது," என்றார் ஒரு நாள்.

அவள் எழும்பிக் குளியலறைக்குப் போய்விட்டாள்.

டொக்டர் தயாளினியிடமும் கேட்டாள். தயாளினிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "அவற்றை முகத்தைப் பார்க்கவே எனக்குத் தெரியுது, அம்மா. ஆனால் ஆய்வுக்குள்ளை இருக்கிறவைக்கு நான் என்ரை பாட்டிலை பாணி எழுதேலாது. ஆய்விலையிருந்து விலத்துறன் எண்டு அவர் ஒரு சொல்லுச் சொல்லட்டும். அந்த நிமிசமே நான் குடுப்பன். விலத்துறது அவற்றை உரிமை."

செபஸ்தியம்மா ஓடிவந்து சொன்னாள். அருளப்பு கண்ணை மூடிக்கொண்டார்.

"மாநாடு முடியட்டும்."

"மாநாடு உங்களுக்கென்ன மாமன் மச்சான் வீட்டுக் கலியாணமே?"

"நான் இடையிலை விலத்தினால் அந்தப் பிள்ளையின்ரை கணக்கிலை ஒராள் குறையும். கொஞ்ச நாள்தானேயடி."

கொஞ்ச நாளில் மூன்று இரண்டாகியது. இரண்டு ஒன்றாகியது. நிவேதனா தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்து தந்தாள். கொழும்பிலிருந்து பிரமுகர்கள் பார்க்க வந்த நாளில், முனகுகிற நோயாளிகளை வேறு வாட்டுக்கு மாற்றினார்கள். அருளப்புவை மாற்றவில்லை. பிரமுகர்கள் அவருடைய கட்டிலைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். புது மருந்தோ பழைய மருந்தோ, இந்த அளவு இறக்கத்தை நிலையம் அதுவரை கண்டதில்லை. மாநாட்டு மேடைக்கு அவரையே கொண்டுபோவது என்று தீர்மானமாயிற்று.

மாநாட்டின் பெயர் 'வலியற்ற வடக்கு'. நகரத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. வாசலில் நிறைகுடம் வைத்து, வந்தவர்களுக்குச் சந்தனம் பூசினார்கள். அருளப்புவுக்கு வெள்ளைச் சட்டை உடுத்தி, சக்கரநாற்காலியில் மேடைக்கு ஏற்றி, கழுத்தில் மாலை போட்டார்கள். மாலை பாரம். அது நெஞ்சில் விழுந்தபோது அவர் உதட்டைக் கடித்ததைக் கீழே முதல் வரிசையில் இருந்த செபஸ்தியம்மா கண்டாள். சட்டைக் கொலரில் சின்ன மைக் ஒன்றைக் குத்தினார்கள். ஒக்சிசன் மெசினும் மேடையில்தான்.

நமசிவாயம் பேசத் தொடங்கினார். மெசின் இரைந்தது. அந்த இரைச்சல் மைக்கில் ஏறி மண்டபம் முழுவதும் முழங்கியது. அவர் நிறுத்தினார். ஒலிபெருக்கிக்காரனைப் பார்த்தார். ஒலிபெருக்கிக்காரன் மெசினைக் காட்டினான்.

"ரண்டு நிமிசம்தானே," என்று சொல்லி நமசிவாயம் மெசினை நிற்பாட்டினார்.

மண்டபம் அமைதியானது. பேச்சு நன்றாகக் கேட்டது.

"பெரியோர்களே, இவர் எட்டாக வந்தார். இன்று ஒன்றாக இருக்கிறார். ஒரு மனிதனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிலர் கேட்கிறார்கள், இவருக்கு நோய் மாறுமா என்று. அது எங்கள் துறை அல்ல. இவர் எவ்வளவு காலம் இருப்பார் என்று கேட்கிறார்கள். அதுவும் எங்கள் துறை அல்ல. எங்களுக்கு இவர் இருக்கும்வரை இலக்கம் இறங்க வேண்டும். எத்தனையோ பேர் இந்த மண்ணில் அழுதிருக்கிறார்கள். அழுது என்ன கண்டார்கள்? இவர் அழவில்லை. அதனால்தான் மேடையில் இருக்கிறார்."

இரண்டு நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. அருளப்புவின் உதடு நீலம் பாரித்து வந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினார். செபஸ்தியம்மா எழும்பினாள். பக்கத்தில் இருந்தவர் "இருங்கோ அம்மா, முடியப்போகுது" என்று கையைப் பிடித்தார்.

நமசிவாயம் அருளப்புவிடம் குனிந்தார். "ஐயா, இந்தச் சபைக்குச் சொல்லுங்கோ. இப்ப உங்களுக்கு எவ்வளவு வலிக்குது?"

அருளப்புவின் பார்வை மேடையோரம் நின்ற நிவேதனாவிடம் போனது. வாய்க்குள் சொல் வரச் சற்று நேரம் எடுத்தது.

"பூச்சியம்."

மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது.

செபஸ்தியம்மா கையை உதறிக்கொண்டு மேடையில் ஏறினாள். யாரையும் பார்க்கவில்லை, யாரோடும் கதைக்கவில்லை. நேரே போய் மெசினைத் திரும்ப இயக்கினாள். மாலையைக் கழற்றி நிலத்தில் வைத்தாள். முழங்காலில் நின்று, அவருடைய மூக்கில் குழாயைச் சரிப்படுத்தினாள். கைதட்டல் ஓய்ந்துகொண்டிருந்தது. அருளப்பு அவளுடைய தோளைப் பிடித்தார். கொலரில் மைக் இருப்பது இருவருக்கும் ஞாபகம் இல்லை.

"எடி செபத்தி," என்றார். "ஏலாதடி. உசிர் போற நோவடி. வீட்டை கொண்டுபோ என்னை."

அது மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

பிரதம விருந்தினர் தன் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நமசிவாயம் ஒருமுறை செருமினார்.

"சபையோருக்கு ஒரு தெளிவு," என்றார். "ஆய்வின் தரவுகள் நேற்று மாலையோடு பூட்டப்பட்டுவிட்டன. இன்று சொல்லப்படுபவை முடிவைப் பாதிக்க மாட்டா. அத்தோடு, நோயாளி 'நோ' என்ற சொல்லைப் பாவித்ததைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் ஆய்வு வலி பற்றியது. மதிய உணவு பின் மண்டபத்தில் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது."

சனம் மெல்ல மெல்ல எழும்பிச் சாப்பிடப் போனது.

நிவேதனாதான் சக்கரநாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரி வானுக்குள் ஏற்றும்வரை அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் ஐயா எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் இலக்கம்தானே பிள்ளை கேட்டனீர்," என்றார் அருளப்பு. குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் தயாளினி காத்திருந்தார். அவரிடம் அருளப்பு, "விலத்துறன்" என்றார். ஒரு சொல்லுத்தான். பாணிப் போத்தலையும், வீட்டுக்குக் கொண்டுபோக ஒக்சிசன் சிலிண்டரையும் தயாளினி ஒழுங்கு செய்தார். எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருக்கால் என்று செபஸ்தியம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். "இலக்கம் ஒண்டும் கேக்காதேங்கோ, அம்மா. அவற்றை முகத்தைப் பாருங்கோ. நொந்தால் குடுங்கோ. காணாட்டில் எனக்குப் போன் பண்ணுங்கோ."

மயிலிட்டிக்குப் போகிற பாதை இன்னும் முழுதாகத் திருத்தப்படவில்லை. ஒவ்வொரு குழியிலும் வான் விழுந்து எழும்பியது. வீட்டில் கட்டிலில் கிடத்தியதும் அருளப்பு வாயைத் திறந்து கத்தினார். துவாய் பக்கத்தில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினார். அம்மா என்று கத்தினார், மாதாவே என்று கத்தினார். அடுத்த வளவுப் பாலேஸ்வரி உடுப்புத் தோய்த்த ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"என்னக்கா, நோ கூடிட்டுதோ?"

செபஸ்தியம்மா போத்தலைத் திறந்து கரண்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்ணீர் தாடை வழியாக ஓடியது.

"இல்லையடி," என்றாள். "இப்பதான் சொல்லுறார்."

சோழகக் காற்றுப் பெயர்ந்து அடிக்கத் தொடங்கியபோது அருளப்பு செத்துப்போனார். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதம் அளவில் இருந்திருப்பார். அதில் நல்ல நாட்களும் இருந்தன. ஒரு நாள் விளைமீன் சொதி கேட்டு, இரண்டு கவளம் சோறும் சாப்பிட்டார். பாணி முடியப்போகிறபோதெல்லாம் தயாளினி யாரிடமாவது கொடுத்து அனுப்பினார். நிலையத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. ஆய்வின் முடிவு சிறந்தது என்று பரிசு கிடைத்ததாகப் பத்திரிகையில் வந்திருந்தது. அருளப்பு எந்த ஊசிப் பகுதியில் இருந்தார் என்பதை வீட்டாருக்கு யாரும் சொல்லவில்லை. செபஸ்தியம்மாவும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து சில நாட்களுக்குப் பிறகு நிவேதனா வந்தாள். பஸ்ஸில் வந்து, இறங்குமிடத்திலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தாள். முற்றத்தில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். கையில் கொண்டுவந்த மெழுகுதிரிப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேலை எப்பிடி, பிள்ளை?" என்று செபஸ்தியம்மா கேட்டாள்.

நிவேதனா தலையைக் குனிந்தாள். "மாநாட்டோடை எங்கள் எல்லாரையும் நிப்பாட்டிப்போட்டினம், அம்மா. திட்டம் முடிஞ்சுதாம்."

செபஸ்தியம்மா எழும்பிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

நிவேதனா அதைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். கேட்பதா விடுவதா என்று யோசிப்பவள்போல இருந்தாள்.

"கடைசியிலை அவருக்கு நொந்ததோ, அம்மா?"

"கொஞ்சம் நொந்தது," என்றாள் செபஸ்தியம்மா. "சொன்னவர். குடுத்தனான்."